சராசரிப் பையனுக்கு எந்தக் கல்லூரி?

நியூ ஜெர்ஸியில் என் தங்கை வீட்டில் சில வாரங்கள் தங்கியிருந்தபோது, பக்கத்து வீட்டில் ஒரு பட்டியல் தயாராகிக்கொண்டிருந்தது. அது ஒரு யூதக் குடும்பம். பையனுக்கு வயது 17. பள்ளிப் படிப்பின் கடைசி வருடம். அவன் அம்மா சாப்பாட்டு மேஜையில் ஒரு பெரிய தாளை விரித்து, இடது பக்கம் வரிசையாகக் கல்லூரிகளின் பெயர்களை எழுதி, எதிரே மூன்று கட்டங்கள் போட்டிருந்தார். முதல் கட்டம்: இடம் கிடைக்குமா? இரண்டாவது: பணம் கட்ட முடியுமா? மூன்றாவது: அங்கே போய் இவன் யூதனாகவே இருப்பானா?

முதல் இரண்டு கேள்விகள் மயிலாப்பூரிலும் மாதுங்காவிலும் கரோல்பாக்கிலும் வருடா வருடம் கேட்கப்படுபவைதான். மூன்றாவது கேள்விதான் என்னை அந்த மேஜை அருகே உட்கார வைத்தது.

பையன் நல்லவன். கோடை விடுமுறையில் சிறுவர் முகாமில் நீச்சல் கற்றுத் தருகிறான். என் தங்கை வீட்டு வாசலில் பனி கொட்டிக் கிடந்தால் சொல்லாமலே வந்து வாரிப் போடுகிறான். ஆனால் மார்க் சராசரி. அமெரிக்கப் பள்ளிகளின் 4 புள்ளிக் கணக்கில் அவனுக்கு 3. பாடத்துக்குப் பாடம் 'பி'. தோற்றவனும் இல்லை, பெயர் வாங்கியவனும் இல்லை.

இது ஒரு பிரச்னையாகவே இருக்கக் கூடாது. அமெரிக்காவில் பட்டம் வழங்கும் கல்லூரிகள் ஏறக்குறைய 4,000. அவற்றில் நான்கு ஆண்டுப் படிப்பு உள்ளவற்றில் பெரும்பாலானவை, விண்ணப்பிப்பவர்களில் பாதிப் பேருக்கு மேல் சேர்த்துக்கொள்கின்றன. 100 பேர் கதவைத் தட்டினால் சுமார் 4 பேரை மட்டும் உள்ளே விடும் ஹார்வர்டு போன்றவை விரல் விட்டு எண்ணக்கூடியவை. ஆனால் பத்திரிகைகளும் உறவினர்களும் பேசுவது அந்த விரல் விட்டு எண்ணக்கூடியவற்றைப் பற்றி மட்டும்தான்.

யூத வீடுகளில் இந்தப் பேச்சு இன்னும் உரக்கக் கேட்கும். பியூ ஆய்வு மையம் 2020ல் எடுத்த கணக்கெடுப்பின்படி, வயது வந்த அமெரிக்க யூதர்களில் 10க்கு 6 பேர் பட்டதாரிகள். பொதுவாக அமெரிக்கர்களை எடுத்துக்கொண்டால் 10க்கு 3 பேர். 'யூதப் பிள்ளை என்றால் படிப்பான்' என்பது ஒரு பாராட்டு. 'பி' வாங்கும் பிள்ளைக்கு அதுவே சுமை. தான் மட்டும் மக்கு என்பதோடு, தன் இனத்தின் பெயரையும் கெடுத்துவிட்டதாக அவன் நினைத்துக்கொள்கிறான். இதைப் புரிந்துகொள்ள நமக்கு யாரும் விளக்கவுரை எழுத வேண்டியதில்லை. கணக்கில் 60 வாங்கிய தமிழ்ப் பையன் அமெரிக்காவில் படும் பாட்டை என் தங்கையின் நண்பர்கள் வட்டத்தில் நிறையவே பார்த்தேன்.

அந்த வீட்டில் ஒரு தாத்தாவும் இருந்தார். வயது 86. பட்டியலை எட்டிப் பார்ப்பார், ஒன்றும் சொல்லமாட்டார். ஒரு நாள் என்னிடம் மட்டும் சொன்னார். 1956ல், பள்ளியில் முதல் மாணவனாகத் தேறி, ஒரு பிரபலப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் போட்டாராம். நேர்முகத்தில் கேட்கப்பட்ட முதல் கேள்வி, "உங்கள் குடும்பப் பெயர் முன்பு வேறாக இருந்ததா?" என்பது. அதற்குப் பிறகு கேட்கப்பட்ட கேள்விகள் அவருக்கு நினைவில்லை. இடம் கிடைக்கவில்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது.

அந்தக் கேள்வி ஏதோ ஒரு தனி மனிதரின் துவேஷமாக இருந்திருக்கலாம் என்று நான் நினைத்தேன். ஆனால் அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

1900 வாக்கில் ஹார்வர்டில் யூத மாணவர்கள் சுமார் 7 சதவீதம். ரஷ்யாவிலிருந்தும் போலந்திலிருந்தும் கப்பலேறி வந்த தையற்காரர்கள், தள்ளுவண்டி வியாபாரிகளின் பிள்ளைகள் நுழைவுத் தேர்வை ஊதித் தள்ளத் தொடங்கியதும், 1922ல் அது 21 சதவீதத்தைத் தாண்டியது. நியூயார்க் நகரிலேயே இருந்த கொலம்பியாவில் அதற்கு முன்பே இன்னும் அதிகம். ஹார்வர்டின் தலைவர் லாரன்ஸ் லோவல் பதறிப்போனார். யூதர் எண்ணிக்கையை 15 சதவீதத்தில் நிறுத்தலாம் என்பது அவர் யோசனை. அவர் சொன்ன காரணம் விசித்திரமானது: யூதர்கள் கூடக்கூட அவர்கள் மீதான வெறுப்பும் கூடுகிறது, ஆகவே எண்ணிக்கையைக் குறைப்பது அவர்களுக்கே நல்லது!

வெளிப்படையாக உச்சவரம்பு வைப்பதை ஆசிரியர் குழு 1923ல் நிராகரித்தது. ஆனால் மறைமுக வழிகள் ஏராளமாக இருந்தன. விண்ணப்பப் படிவத்தில் மதம், தாயாரின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர், தகப்பனார் பிறந்த ஊர், குடும்பப் பெயர் எப்போதாவது மாற்றப்பட்டதா என்ற கேள்விகள் ஏறின. 1926ல் புகைப்படமும் வேண்டும் என்றார்கள். தேர்வு மார்க் மட்டும் போதாது. 'குணநலன்' பார்க்க வேண்டும், நேர்முகம் வேண்டும், நாட்டின் எல்லாப் பகுதிகளிலிருந்தும் மாணவர்கள் வர வேண்டும், பழைய மாணவர்களின் பிள்ளைகளுக்கு முன்னுரிமை வேண்டும் என்று விதிகள் வளர்ந்தன. ஒவ்வொன்றும் கேட்பதற்கு நியாயமாகவே இருக்கும். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், புரூக்ளின் தையற்காரர் மகன் வெளியே நிற்பான்.

இங்கே நம் வாசகர்கள் ஒரு வார்த்தையில் வழுக்கி விழ வாய்ப்பு உண்டு. 'கோட்டா' என்றால் நமக்கு ஒதுக்கீடு. அதாவது வெளியே நிறுத்தப்பட்டவர்களை உள்ளே கொண்டுவருவது. அங்கே யூதர்களுக்கு இருந்த கோட்டா நேர் எதிரானது. 'இத்தனை பேருக்குக் குறையாமல்' என்பதல்ல அது, 'இத்தனை பேருக்கு மேல் கிடையாது' என்பது. ஒன்று கதவு, மற்றது தாழ்ப்பாள். இரண்டுக்கும் ஒரே பெயர் இருப்பதால் நடந்த வீண் வாதங்கள் கொஞ்சநஞ்சமல்ல.

தாழ்ப்பாளுக்கு வெளியே நின்றவர்களின் பெயர்களைப் பார்த்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. 1935ல் கொலம்பியா திருப்பி அனுப்பிய யூத மாணவர்களில் ஒருவர் ரிச்சர்டு ஃபெய்ன்மன். அவர் எம்.ஐ.டி.க்குப் போனார், பின்னாளில் இயற்பியலுக்கு நோபல் பரிசு பெற்றார். அதே வருடம் கொலம்பியாவின் வாசலுக்கு வந்த இன்னொருவர் ஐசக் அசிமோவ். பிரதான கல்லூரியில் அவருக்கு இடமில்லை. புரூக்ளினில் கொலம்பியா 1928ல் தொடங்கியிருந்த சேத் லோ என்ற கிளைக் கல்லூரிக்குப் போகச் சொன்னார்கள். அங்கே படித்தவர்கள் பெரும்பாலும் யூத, இத்தாலியக் குடும்பப் பிள்ளைகள். போலியோ தடுப்பு மருந்து கண்ட ஜோனஸ் சால்க் படித்தது நியூயார்க் சிட்டி கல்லூரியில். அங்கே 1976 வரை கட்டணமே கிடையாது. பக்கத்து வீட்டுத் தாத்தா கடைசியில் சேர்ந்ததும் அங்கேதான்.

மேதைகளின் கதையைச் சொல்வது சுலபம். ஃபெய்ன்மனைத் தடுத்தாலும் அவர் வேறு வழியில் போய்விடுவார். அவரோடு அதே வரிசையில் நின்ற சாதாரணப் பையன் என்ன ஆனான்? 100ல் 95 வாங்கிய யூதனுக்கே இடமில்லை என்றபோது, 70 வாங்கியவன் விண்ணப்பப் படிவமே வாங்கியிருக்க மாட்டான். இத்தனைக்கும் அதே காலத்தில், அதே கல்லூரிகளில், 70 வாங்கிய பணக்காரப் புராட்டஸ்டண்ட் பிள்ளைகள் சௌகரியமாகப் படித்து, படகு ஓட்டி, பட்டம் வாங்கி வங்கிகளில் அமர்ந்தார்கள். அவர்களுடைய சராசரி மார்க்குக்கு 'ஆல்ரவுண்டர்' என்று பெயர்.

இந்த நிலை சட்டென்று மாறிவிடவில்லை. 1947ல் அதிபர் ட்ரூமன் அமைத்த உயர் கல்விக் குழு இந்த உச்சவரம்புகளைக் கண்டித்தது. 1948ல் நியூயார்க் மாநிலம் கல்லூரிச் சேர்க்கையில் பாரபட்சத்தைத் தடை செய்து சட்டம் போட்டது. அதே வருடம் அந்த மாநிலம் தனக்கென ஒரு பொதுப் பல்கலைக்கழக அமைப்பையும் தொடங்கியது. தனியார் கல்லூரிகள் யூதர்களை ஒதுக்குகின்றன என்ற புகார் அதற்கு ஒரு முக்கியக் காரணம். ஆனாலும் யேலில் மறைமுக வரம்பு 1960களின் தொடக்கம் வரை நீடித்தது. எமரி பல்கலைக்கழகத்தின் பல் மருத்துவப் பிரிவில் 1948 முதல் 1961 வரை யூத மாணவர்கள் வேண்டுமென்றே தோற்கடிக்கப்பட்டார்கள். பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது 2012ல். 1950களில் யூத மாணவர்களைக் கட்டுப்படுத்தியதற்காக ஸ்டான்ஃபோர்டு மன்னிப்புக் கேட்டது 2022ல். தாத்தா சிரித்தார்: "கேட்டவர்கள் செய்யவில்லை, செய்தவர்கள் கேட்கவில்லை."

யூதர்கள் சும்மா இருக்கவில்லை. சொந்தமாகக் கல்வி நிலையங்கள் கட்டினார்கள். நியூயார்க்கில் 1928ல் யெஷிவா கல்லூரி பிறந்தது. காலையில் வேதமும் தல்மூதும், பிற்பகலில் கணக்கும் அறிவியலும். பெண்களுக்கான பிரிவு 1954ல் வந்தது. பாஸ்டனுக்கு அருகே 1948ல் பிராண்டைஸ் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் அமர்ந்த முதல் யூத நீதிபதியின் பெயர் அதற்கு. யூதர்கள் நிறுவியது என்றாலும் எல்லோருக்கும் திறந்தது. அங்கே யூத, கத்தோலிக்க, புராட்டஸ்டண்ட் வழிபாட்டு இடங்கள் மூன்றும், ஒன்றின் நிழல் மற்றதன் மீது விழாதபடி கட்டப்பட்டிருக்கின்றன. தங்களுக்குச் செய்யப்பட்டதைத் தாங்கள் யாருக்கும் செய்யக் கூடாது என்பதைக் கட்டடமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள்.

வரலாற்றை இங்கே நிறுத்திவிட்டு மேஜைக்கு வருவோம். தாழ்ப்பாள் போய்விட்டது. 'பி' வாங்கும் யூதப் பையனுக்கு இன்று எந்தக் கல்லூரி?

பையனின் அம்மா முதலில் எழுதியவை யூத மாணவர்கள் ஆயிரக்கணக்கில் படிக்கும் பெரிய மாநிலப் பல்கலைக்கழகங்கள். சொந்த மாநிலத்து ரட்கர்ஸ், மேரிலாண்ட், ஃபுளோரிடா. ஒரு காலத்தில் சராசரி மாணவர்களின் புகலிடமாக இருந்த இவற்றிலும் இப்போது போட்டி கடுமை. ஃபுளோரிடாவில் 3 புள்ளியோடு நுழைவது ஏறக்குறைய கனவு. அடுத்த வரிசை அவனுக்குப் பொருந்தியது. நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனி, ஃபிலடெல்ஃபியாவின் டெம்பிள், மேரிலாண்டின் டௌசன், தூரத்து இண்டியானா, அதைவிடத் தூரத்து அரிஸோனா. இவை எல்லாமே வருகிறவர்களில் பாதிக்கு மேல் சேர்த்துக்கொள்பவை. எல்லாவற்றிலும் யூத மாணவர் அமைப்புகள் உண்டு.

இரண்டாவது கட்டம் பணம். சொந்த மாநிலத்து அரசுக் கல்லூரியில் படிப்புக் கட்டணம் மட்டும் வருடத்துக்குச் சராசரியாக 11,000, 12,000 டாலர். தனியார் கல்லூரிகள் அறிவிக்கும் கட்டணம் சராசரியாக 40,000 டாலருக்கு மேல். நன்றாகப் படிக்கும் பிள்ளைக்குக் கட்டணத்தில் தள்ளுபடி கிடைக்கும். சராசரிப் பிள்ளைக்கு அது குறைவு. ஆக, மார்க் குறைந்தால் இடம் மட்டுமல்ல, விலையும் பாதிக்கிறது. மலிவான வழி ஒன்றும் இருக்கிறது: வீட்டிலிருந்தே இரண்டு வருடம் உள்ளூர்க் கல்லூரியில் படித்து, பிறகு மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு மாறுவது. நியூ ஜெர்ஸியில் இதற்கு முறையான ஏற்பாடு உண்டு. அம்மாவுக்கு இந்த யோசனை பிடித்தது, பையனுக்குப் பிடிக்கவில்லை. 18 வயதில் வீட்டை விட்டுப் போவதும் அமெரிக்காவில் ஒரு பாடம்தான்.

மூன்றாவது கட்டத்துக்கு வருகிறேன். ஒருவன் யூதனாக இருப்பதற்கு என்ன வேண்டும்? அதுவும் கல்லூரி விடுதியில்?

முதலாவது சாப்பாடு. கோஷர் விதிப்படி பன்றியும் நண்டும் கூடாது. இறைச்சியும் பாலும் ஒன்றாகக் கூடாது. இரண்டுக்கும் பாத்திரமே வேறு. சைவச் சாப்பாடு தேடி அலைந்து, கடைசியில் ரொட்டியும் ஜாமுமாக முதல் செமஸ்டரை ஓட்டிய நம்மவர்களுக்கு இது புரியும். இரண்டாவது சபாத் எனும் ஓய்வு நாள். வெள்ளி சூரிய அஸ்தமனத்திலிருந்து சனி இரவு வரை ஆசாரமான யூதர்கள் எழுத மாட்டார்கள், வண்டி ஏற மாட்டார்கள், மின் விசையைத் தொட மாட்டார்கள். சனிக்கிழமை பரீட்சை வைத்தால் போச்சு. விடுதிக் கதவு மின் அட்டை காட்டினால்தான் திறக்கும் என்றால், யாராவது வரும்வரை வாசலில் நிற்க வேண்டும். கல்லூரி நுழைவுக்கான எஸ்.ஏ.டி. தேர்வு வழக்கமாகச் சனிக்கிழமை என்பதால், மதக் காரணம் உள்ளவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை தனியாக நடத்துகிறார்கள். மூன்றாவது பண்டிகைகள். யூதப் புத்தாண்டும் உபவாச நாளும் செப்டம்பர், அக்டோபரில் வரும். அப்போதுதான் கல்லூரி சூடு பிடித்திருக்கும்.

இடம் கிடைப்பது வேறு, இடம் பொருந்துவது வேறு. 1997ல் யேலில் சேர்ந்த ஆசாரமான யூத மாணவர்கள் சிலர், ஆணும் பெண்ணும் கலந்து தங்கும் விடுதியில் கட்டாயமாக இருக்கச் சொல்வது தங்கள் மதத்துக்கு ஒவ்வாது என்று வழக்குப் போட்டார்கள். 2000ல் மேல்முறையீட்டிலும் தோற்றார்கள். பிடிக்காவிட்டால் வேறு கல்லூரிக்குப் போயிருக்கலாமே என்ற தொனியில் அப்போது பலர் பேசினார்கள். ஒரு தலைமுறைக்கு முன் உள்ளேயே விடாத இடம் அது.

பக்கத்து வீட்டுப் பையன் அவ்வளவு ஆசாரம் பார்ப்பவன் இல்லை. வீட்டில் கோஷர், வெளியே பீட்ஸா. வெள்ளி இரவு குடும்பத்தோடு சாப்பாடு, பண்டிகைக்கு ஜெபாலயம். அவ்வளவுதான். அம்மாவின் கவலை, அந்த 'அவ்வளவு'ம் நான்கு வருடத்தில் கரைந்துவிடுமோ என்பது.

இதற்கு யூதர்கள் கண்ட தீர்வு எளிமையானது. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1923ல் ஹில்லெல் என்ற மாணவர் அமைப்பு தொடங்கியது. இன்று நூற்றுக்கணக்கான கல்லூரிகளில் அது இருக்கிறது. ஹபாத் என்ற ஆசாரமான பிரிவினரும் 1969ல் லாஸ் ஏஞ்சலிஸ் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் அருகே ஒரு வீட்டைத் திறந்தார்கள்; பிறகு அதுவும் பரவியது. இரண்டும் செய்யும் முக்கிய வேலை வெள்ளி இரவுச் சாப்பாடு போடுவது. மெழுகுவர்த்தி, பின்னல் ரொட்டி, கோழி சூப். வருகிறவனிடம் மார்க் கேட்பதில்லை. மரபான யூத முறையில் கூட்டு வழிபாட்டுக்கு 10 ஆண்கள் வேண்டும். தாராளப் பிரிவுகளில் பெண்களையும் கணக்கில் சேர்ப்பார்கள். இதைக் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது: இந்தப் பையனுக்கு நாட்டின் தலைசிறந்த கல்லூரி வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமை 10 பேர் கூடும் ஒரு கல்லூரி போதும்.

அந்த 10 பேர் எதிர்பாராத இடங்களிலும் கூடுகிறார்கள். பென்சில்வேனியாவில் மூலன்பர்க் என்ற சிறிய கல்லூரி லூதரன் கிறிஸ்தவர்களுடையது. அங்கே யூத மாணவர்கள் கணிசம், கோஷர் சமையலறையும் உண்டு. கிறிஸ்தவர்கள் நடத்தும் கல்லூரிகளில் தலைமுறை தலைமுறையாகப் படித்த நமக்கு இதில் ஆச்சரியம் இல்லை.

எல்லாம் சரி, 2023க்குப் பிறகு பட்டியலில் நான்காவதாக ஒரு கட்டமும் சேர்ந்துவிட்டது. அங்கே இவன் பத்திரமாக இருப்பானா?

2023 அக்டோபர் 7ல் ஹமாஸ் இஸ்ரேலில் நடத்திய தாக்குதலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டார்கள். தொடர்ந்து காஸாவில் இஸ்ரேல் நடத்திய போரில் பல்லாயிரம் பாலஸ்தீனர்கள் மாண்டார்கள். அமெரிக்கக் கல்லூரி வளாகங்கள் கொதித்தன. டிசம்பர் 5ல் ஹார்வர்டு, பென்சில்வேனியா, எம்.ஐ.டி. தலைவர்கள் மூவரும் நாடாளுமன்றக் குழுவின் முன் அமர்ந்து, யூதர்களைக் கூண்டோடு அழிக்கச் சொல்வது கல்லூரி விதிகளை மீறுமா என்ற கேள்விக்குச் சூழ்நிலையைப் பொறுத்தது என்ற ரீதியில் பதில் சொன்னார்கள். பென்சில்வேனியா தலைவர் சில நாட்களில் விலகினார். ஹார்வர்டு தலைவர், கருத்துத் திருட்டுப் புகாரும் சேர்ந்துகொள்ள, 2024 ஜனவரியில் விலகினார். 2024 ஏப்ரலில் கொலம்பியாவில் கூடாரங்கள் முளைத்தன, போலீஸ் வந்தது. கழுத்தில் நட்சத்திரச் சங்கிலி போட்டுக்கொண்டு நடக்கவே பயமாக இருந்ததாக யூத மாணவர்கள் பலர் சொன்னார்கள். அதே கூடாரங்களுக்குள் இருந்த வேறு யூத மாணவர்கள், பாஸ்கா பண்டிகை விருந்தை அங்கேயே கொண்டாடினார்கள். யூத மாணவன் என்றால் இன்ன கட்சி என்று யாரும் சீட்டு ஒட்ட முடியாது.

அவதூறு எதிர்ப்புச் சங்கம் என்ற யூத அமைப்பு 2024 ஏப்ரலில் 85 கல்லூரிகளுக்கு, யூத விரோதத்தை எப்படிக் கையாள்கின்றன என்று மதிப்பெண் பட்டியல் வெளியிட்டது. 'ஏ' வாங்கியவை இரண்டே: பிராண்டைஸ், மற்றது வட கரோலினாவில் 1889ல் கிறிஸ்தவர்கள் தொடங்கிய ஈலான். 'எஃப்' வாங்கிய 13ல் ஹார்வர்டு, ஸ்டான்ஃபோர்டு, எம்.ஐ.டி. எல்லாம் அடக்கம். பிள்ளைகளுக்கு மார்க் போடும் கல்லூரிகளுக்கே மார்க் விழுந்தபோது பையன் வாய்விட்டுச் சிரித்தானாம். "எஃப் வாங்கியவர்கள் எனக்கு இடம் தரமாட்டார்கள், எனக்கு இடம் தருபவர்கள் பத்திரிகையிலேயே வரமாட்டார்கள்." முழுக்கச் சரியல்ல, இண்டியானாவிலும் போராட்டமும் கைதும் நடந்தன. ஆனால் அவன் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஒரு வளாகத்தின் அன்றாட வாழ்க்கை, அதன் முன்வாசலில் நிற்கும் தொலைக்காட்சி வண்டிகளுக்குத் தெரியாது.

2025ல் ட்ரம்ப் அரசு, யூத விரோதத்தைக் காரணம் காட்டியே பல்கலைக்கழகங்களின் நிதியை நிறுத்தியது. கொலம்பியா 20 கோடி டாலருக்கு மேல் கொடுத்து ஜூலையில் சமரசம் செய்துகொண்டது. வெளிநாட்டு மாணவர்கள் சிலரின் விசா ரத்தானது. அதில் இந்தியர்களும் உண்டு. யூத மாணவனைப் பாதுகாப்பதற்கென்று எடுத்த தடி வேறு எவர் தலையில் விழும் என்பது யாருக்கும் தெரியவில்லை. யூதர்களிலேயே பலர் இதை விரும்பவில்லை.

நமக்கு நேரடியாகத் தொடர்புள்ள இன்னொரு விஷயம். 2023 ஜூன் 29ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பதற்குத் தடை விதித்தது. ஹார்வர்டுக்கு எதிரான அந்த வழக்கின் மையப் புகார், இந்தியர்கள் உட்பட ஆசிய மாணவர்களுக்கு மார்க் அதிகம் இருந்தும் 'ஆளுமை' என்ற தலைப்பில் குறைத்துப் போடுகிறார்கள் என்பது. வழக்கு தொடுத்தவர்கள் 1920களின் யூதர் கதையை முன்னுதாரணமாகவே காட்டினார்கள். விசாரணை நீதிமன்றம் வேண்டுமென்றே செய்த பாரபட்சம் எதையும் காணவில்லை. உச்ச நீதிமன்றம் வேறு விதமாக முடிவு செய்தது. யார் சொன்னது சரி என்பது ஒரு புறம் இருக்கட்டும். 'குணநலன்' என்ற பழைய படிவம் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது என்பது மட்டும் நிச்சயம். வேடிக்கை என்னவென்றால், யூதர்களை வெளியே நிறுத்தப் பிறந்த அதே படிவம்தான் இன்று பக்கத்து வீட்டுப் பையனுக்கு உதவுகிறது. மார்க் மட்டும் பார்த்தால் அவன் ஒரு எண். கட்டுரை எழுதச் சொன்னால், நீச்சல் கற்றுத் தருபவன்.

சராசரி மார்க் வாங்கிய யூதப் பையன் ஒருவனின் கதை உலகத்துக்கே தெரியும். ஆனால் அந்தப் பாதி யாருக்கும் தெரியாது. பள்ளியில் யூதன் என்பதற்காக அடி வாங்கியவன், மார்க் சுமார். தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் திரைப்படப் பள்ளி அவனைச் சேர்க்க மறுத்தது. லாங் பீச்சில் இருந்த மாநிலக் கல்லூரியில் சேர்ந்து, அதையும் பாதியில் விட்டான். பெயர் ஸ்டீவன் ஸ்பில்பர்க். மறுத்த பல்கலைக்கழகம் 1994ல் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. 1996ல் தன் அறங்காவலர் ஆக்கியது. அவர் லாங் பீச்சுக்குத் திரும்பிப் போய் 2002ல் பட்டப் படிப்பை முடித்தார். இதைப் பையனிடம் உற்சாகமாகச் சொன்னேன். அவன் அம்மா குறுக்கிட்டார்: "தயவுசெய்து அவனிடம் அதைச் சொல்லாதீர்கள். அவன் ஸ்பில்பர்க் இல்லை. அவன் ஸ்பில்பர்க்காக இருக்க வேண்டியதும் இல்லை."

அவர் சொன்னதுதான் சரி என்று பிறகு தோன்றியது. ஒரு சமூகம் சமத்துவம் பெற்றுவிட்டதா என்பதை அதன் மேதைகளை வைத்து அளக்கிறோம். அது தவறு. மேதைக்கு எந்தக் காலத்திலும் ஏதோ ஒரு கதவு திறக்கும். தாத்தா காலத்து யூதன், மற்றவனைவிட இரண்டு மடங்கு கெட்டிக்காரனாக இருந்தால்தான் பாதி இடமாவது கிடைக்கும். இன்றும் பல வீடுகளில், நம் ஊரிலும்தான், பிள்ளைகளிடம் இதே பாடத்தைத்தான் சொல்லி வளர்க்கிறோம்: 'நீ சாதாரணமாக இருக்க நமக்குக் கட்டுப்படியாகாது.' சாதாரணமாக இருந்துகொண்டே, தன் சாப்பாட்டையும் சாமியையும் பெயரையும் விடாமல், ஒரு பிள்ளை கல்லூரிக்குப் போக முடிந்தால், அன்றைக்குத்தான் தாழ்ப்பாள் உண்மையிலேயே கழன்றது.

பையன் ஐந்து இடங்களுக்கு விண்ணப்பித்தான். மூன்றில் கிடைத்தது. அவற்றில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுத்தான். அம்மா காரணம் கேட்டதற்கு, பாடத்திட்டத்தைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை. பார்க்கப் போனது ஒரு வெள்ளிக்கிழமை. மாலை ஹில்லெலில் சாப்பிட உட்கார்ந்தான். சாப்பிட்டு முடித்ததும் யாரோ ஒரு பெண் அவன் கையில் ஒரு துண்டைக் கொடுத்து, தட்டுகளைத் துடைக்கச் சொன்னாளாம். "விருந்தாளிக்குத் துண்டு கொடுக்க மாட்டார்கள் அம்மா" என்றான்.

தங்கை தொலைபேசியில் இதைச் சொன்னபோது, தாத்தா என்ன சொன்னார் என்று கேட்டேன். பட்டியலை மடித்துத் தன் மேஜை இழுப்பறையில் வைத்துக்கொண்டாராம். "எனக்கு மார்க் இருந்தது, இடம் இல்லை. இவனுக்கு மார்க் இல்லை, இடம் இருக்கிறது. என் அப்பா கப்பலேறி வந்தது இதற்காகத்தான்" என்றாராம்.